தாடைக்குக் கீழே ஒரு பிறை

மார்ச் 3, செவ்வாய், இரவு

அம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னோடு வேலை செய்கிறவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனம் வராவிட்டால் உன் காசுத் தட்டுகளுக்கு அடியில் போட்டுவிடு, அங்கே உன்னைத் தவிர யாரும் கை வைக்க மாட்டார்கள். நான் எழுதியது அத்தைக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். அப்பாவுக்குத் தெரிந்தால் அவர் திட்ட மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச்சைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை புரண்டு படுத்தால் கட்டில் கிறீச்சிடும். அப்போதெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொள்கிறேன். எழுத்து விட்டு விட்டு இருந்தால் அதனால்தான்.

உன் முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். அப்பா கடையில் பழைய பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அருங்காட்சியகத்தின் சின்னப் புத்தகம் கீழே விழுந்தது. கடைசிப் பக்கத்தில் நாணயப் பிரிவு என்று போட்டு உன் பெயர் இருந்தது. அப்பா அதைத் தூசு தட்டி மறுபடி மேல் தட்டில் வைத்தார். குப்பையில் போடவில்லை. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ போன பிறகு மூன்று வருடத்தில் எனக்கு அந்த மேல் தட்டு எட்டுகிறது.

கடையில் இப்போது பழங்காசு வாங்க யாரும் வருவதில்லை. நீ எழுதிக் கொடுக்கும் சான்றுச் சீட்டு இல்லாத காசை யார் நம்புவார்கள்? கடிகார பேட்டரி, சாவிக்கொத்து, லேமினேஷன், அவ்வளவுதான். "இந்த வீட்டுக்குச் சோறு போடுறது லேமினேஷன் மெஷின், ரோமாபுரி இல்ல" என்று அத்தை தினமும் சொல்கிறாள். அப்பா அடுத்த அட்டையை மெஷினுக்குள் தள்ளுவார்.

இந்த மாதக் கடைசியில் கடையை மூடுகிறார். நீ போலி என்று சொன்ன அந்த இரண்டு ரோம வெள்ளிக் காசுகளும் இன்னும் கவுண்டர் இழுப்பறையில் பஞ்சுக்குள் இருக்கின்றன. நேற்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை வெள்ளி உருக்குறவர் வர்றார். அந்த ரெண்டையும் குடுத்துடலாம்."

"குடுக்குறதுதான் குடுக்குற, ஒரு ஸ்பூனாவது செஞ்சு தரச் சொல்லுண்ணா. கடைசியா அது ஒரு வாய்க்காவது உதவட்டும்" என்றாள் அத்தை.

நான் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ போனது அந்த இரண்டு காசுகளால் மட்டும்தானா? உண்மையைச் சொல். நானும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று வேண்டாம்.

பள்ளிக்கு எதிரில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் அக்காவின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அதற்கே பதில் போடு. ஒரு பென்சில் வாங்கினால் நாலு கேள்வி கேட்கிறவர், இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உன் சில்லறை

—

மார்ச் 9, திங்கள்

சில்லறைக்கு,

காட்ட மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன். பதினேழாம் எண் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பகலில் இரண்டு முறை தட்டை இழுத்துப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர், "அந்தத் தட்டுல என்ன மேடம், முட்டை போட்டு அடை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

உன்னை இன்னும் சில்லறை என்றே கூப்பிடலாம் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனை முறை கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன் என்று எண்ணவில்லை.

உனக்குப் பதினொரு கடிதம் எழுதினேன். எல்லாம் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் 'வாங்க மறுப்பு' என்று உன் அத்தையின் உருண்டைக் கையெழுத்து. முதல் வருடம் ஒரு நாள் நேரிலும் வந்தேன். அப்பா வெளியூர் போயிருந்தார். அத்தை மாடிப்படியில் நின்றுகொண்டு, "பாப்பா உங்களைப் பார்க்க மாட்டேன்னு சொல்லுது அண்ணி. நான் என்ன செய்ய?" என்றாள். நான் நம்பவில்லை. ஆனால் மாடி ஏறவும் இல்லை. நம்பாத ஒருத்தி ஏறியிருப்பாள் அல்லவா?

இங்கே ஒரு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய். காலையில் இரண்டு தம்ளர் எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பேன். மூன்று வருடமாகியும் கை கற்றுக்கொள்ளவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆம், அந்தக் காசுகளால்தான்.

அப்போது உனக்குப் பதினொரு வயது, இப்போது சொன்னால் புரியும். தெனாரியஸ் என்கிற அந்த வெள்ளிக் காசை ரோமர்கள் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வெள்ளி வில்லையை வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்துச் செய்தார்கள். ஒரே அச்சில் அடித்த காசுகளுக்கு ஒரே முகம் இருக்கலாம், அதில் தவறில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் பிறந்த பிறகு விழுந்து எழுந்த தழும்பு ஆளுக்கு ஆள் வேறாகத்தான் இருக்கும். அந்த இரண்டு காசிலும் தலைக்கவசம் போட்ட தேவியின் தாடைக்குக் கீழே ஒரு பிறை வடிவத் தடம். ஒரே அளவு, ஒரே இடம், ஒரே சாய்வு. ஒன்றை வைத்து அச்சு எடுத்து, வெள்ளியைக் காய்ச்சி ஊற்றி இன்னொன்றைச் செய்தால் மட்டும்தான் தழும்பும் சேர்ந்து வரும். அப்பாவின் கடைக்குப் பின்னால் சின்ன உலை இருந்தது. அவர்தான் வார்த்தாரா என்று கேட்டேன். அவர், "உனக்கு என்னைத் தெரியாதா?" என்றார். "எனக்குக் காசைத் தெரியும்" என்றேன். காசுகளை வாங்க இருந்தவருக்கும் போலி என்று அன்றே எழுதிவிட்டேன்.

நீ சொல்ல வேண்டியதைச் சொல். எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

அம்மா

—

மார்ச் 13, வெள்ளி, இரவு

அம்மா,

அந்தப் பிறையை அடித்தது நான்.

இந்த ஒரு வரியை எழுத மூன்று இரவு ஆயிற்று. இனி மற்றதை எழுதிவிடுவேன்.

அந்தக் காசுகள் வந்த வாரம், சாப்பிடும்போது நீ சொன்னாய்: அந்தக் காலத்திலேயே சிலர் செம்புக்கு மேல் வெள்ளித் தோல் போர்த்தி ஏமாற்றினார்கள், அதனால் காசு மாற்றுகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஓரிடத்தில் குத்திப் பார்ப்பார்கள் என்று. அந்த இரண்டு காசும் எனக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரித் தெரிந்தன. இரண்டில் ஒன்று செம்பாக இருக்கும், உனக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நீ, "அட, என் சில்லறைக்கு இருக்கிற கண்ணைப் பாரு" என்று சொல்வாய் என்று.

கடிகார வாருக்கு ஓட்டை போட அப்பா ஒரு குழாய் உளி வைத்திருப்பார் அல்லவா? அதைச் சாய்த்துப் பிடித்தால் முழு வட்டம் விழாது, பிறைதான் விழும். முகத்தில் அடித்தால் காசு கெட்டுவிடும் என்று தாடைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்று என் ரப்பரை முட்டுக் கொடுத்து, உளியை அதில் சாய்த்து வைத்து அடித்தேன். என் நோட்டில் மார்ஜின் போடுகிற அதே ஒழுங்கு. நீ பாராட்டுவாயே, அந்த ஒழுங்கு.

இரண்டிலும் உள்ளே வெள்ளிதான். ஆனால் அடித்த இடம் பளபளவென்று மின்னியது. காசு முழுக்கச் சாம்பல் நிறம், அந்தப் பிறை மட்டும் புதுசு. அப்போதுதான் பயம் வந்தது. முட்டை சாப்பிட்ட கரண்டி கறுத்துப்போகும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். ஒரு முட்டையை வேகவைத்து, இரண்டாக வெட்டி, காசுகளோடு பழைய சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாளில் பிறையும் கறுத்துவிட்டது. அத்தை எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரி அலமாரியாகத் தேடினாள். நானும் கூடத் தேடினேன்.

நீயும் அப்பாவும் சண்டை போட்டபோது நான் ஆறாவது படியில் உட்கார்ந்திருந்தேன். "நான் செய்யல" என்று அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நீ சாயங்காலம் வந்துவிடுவாய், வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று. பிறகு சொல்வதற்கு நீ இல்லை.

இன்னொன்று. நீ வந்த அன்று அத்தை பொய் சொல்லவில்லை. நான்தான், "பார்க்க மாட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன். முட்டையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தேன். மழையில் குடையை விரிக்காமலே நடந்து போனாய். அதற்கு அப்புறம் வந்த கடிதங்களை எனக்காகத்தான் அத்தை திருப்பியிருப்பாள். அவை வந்ததே எனக்குத் தெரியாது.

இதற்குள் இரண்டு அலுமினியத் தாள் வைத்திருக்கிறேன். காசுகள் மேல் தாளை வைத்து நகத்தால் தேய்த்தது, பிறை தெரியும். கூடவே என் பழைய கடிகார வார். அதில் அதே உளியால் நேற்று அடித்தேன். ஒப்பிட்டுப் பார். நீ விட்டுப்போன லென்ஸால் காசுகளின் விளிம்பையும் பார்த்தேன். வார்த்த காசு என்றால் சுற்றி ஒரு கோடு இருக்கும் என்பாயே, கோடு இல்லை.

நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை இல்லை, அம்மா.

சில்லறை

—

மார்ச் 18, புதன்

என் சில்லறைக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

வாரும் தாள்களும் பத்திரமாக வந்தன. லென்ஸுக்குக் கீழே வைத்தேன். உளியின் வாயில் ஒரு சின்னப் பொக்கை இருக்கிறது. மூன்று தடத்திலும் அந்தப் பொக்கை தெரிகிறது. நீ சொல்வது உண்மை. ஒரு நிபுணரின் சீட்டு வேண்டுமானால் இதோ, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியது.

விளிம்பில் கோடு இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும். அன்றைக்கே பார்த்தேன். வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆனவர்கூட முதலில் விளிம்பைத்தான் பார்ப்பார். கோடு இல்லை, வார்ப்பில் விழுகிற காற்றுக் குழி இல்லை, எடையும் வேறு வேறு. ஏதோ இடிக்கிறது, இன்னொரு நாள் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நான் லென்ஸை மூடி வைத்துவிட்டேன்.

ஏன் என்றால், இந்த அருங்காட்சியகத்தில் வேலைக்கான கடிதம் அதற்கு மூன்று வாரம் முன்பே என் கைப்பையில் இருந்தது. இங்கே வர எனக்கு ஆசை. உன்னையும் அப்பாவையும் விட்டுவிட்டு வர ஆசை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிறை எனக்கு ஒரு காரணம் கொடுத்தது. என் ஆசை என்று சொல்லாமல் அவர் குற்றம் என்று சொல்லிக்கொண்டு படி இறங்க முடிந்தது. நீ ஒரு வட்டத்தில் பாதியை அடித்தாய். மற்றதெல்லாம் நான் செய்தது.

அதனால் நீ அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் எழுதுகிறேன். அத்தை கையில் சிக்காமல் கடை முகவரிக்கு, பதிவுத் தபாலில். உன் பங்கைச் சொல்லாமல் என் பங்கைச் சொல்ல முடியாது. அதற்கு மட்டும் உன் அனுமதி வேண்டும். இழுப்பறையிலிருந்து காசுகளை எடுத்து ஒளிக்காதே. இந்த வீட்டில் ஒளித்தது போதும்.

திரும்பி வரட்டுமா என்று அவரிடம் கேட்க மாட்டேன். அதைக் கேட்கிற உரிமையை நானே தொலைத்தேன். ஆனால் ஆறாவது படி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வலது பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா

—

மார்ச் 21, சனி, இரவு

அம்மா,

உன் கைப்பையில் மூன்று வாரமாக இருந்ததா?

அந்த மூன்று வாரத்தில் எனக்குப் பிறந்தநாள் வந்தது. நீ எனக்குத் தலை வாரிவிட்டாய். அந்தப் பை பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஜிப் பாதி திறந்திருந்தது.

மூன்று வருடமாக நான் முட்டை சாப்பிடுவதில்லை. வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவேன். அத்தை அலர்ஜி என்று நினைத்து எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். யாராவது கதவைத் தட்டினால் என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். நீ அங்கே தம்ளர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய்.

இதற்கு மேல் எழுதினால் தப்பாக எழுதிவிடுவேன்.

அப்பாவுக்கு எழுது. என் பங்கையும் எழுது. ஒன்றையும் விடாதே. சீக்கிரம் அனுப்பு, அடுத்த சனிக்கிழமை உருக்குகிறவர் வந்துவிடுவார்.

உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். தலை வாரும்போது இப்போது எனக்கு வகிடு நேராக வருவதில்லை. அத்தையிடம் கேட்க மாட்டேன்.

—

மார்ச் 24, செவ்வாய்

சில்லறைக்கு,

உன் கோபம் இன்று காலையில் வந்தது. அதையும் பதினேழாம் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ எழுதியதெல்லாம் சரி. ஜிப் பாதி திறந்திருந்ததும் சரி.

நீ கேட்டபடி ஒன்றையும் விடாமல் அப்பாவுக்கு எழுதி, மதியமே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என் கையில் இருக்கிறது. அன்றைக்குக் காசை வாங்க இருந்தவருக்கும் எழுதியிருக்கிறேன், என் தீர்ப்பு தவறு என்று. இந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒருத்தி எழுதுவதற்கு எதுவும் இல்லை.

அப்பா என்ன சொல்கிறார் என்று எழுது. ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுது.

அம்மா

—

மார்ச் 27, வெள்ளி, இரவு

அம்மா,

உன் பதிவுத் தபால் நேற்று மத்தியானம் வந்தது. நான் பள்ளியில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது கவுண்டர் மேல் உறை பிரிக்காமல் கிடந்தது. அப்பா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருடைய அடையாள அட்டைக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கோணலாகப் போட்டார். வந்தவர், "என்ன சார், என் மூஞ்சியே மடங்கிடுச்சு" என்றார்.

இரவு முழுக்க அது பிரியவில்லை. நான் தூங்கவில்லை.

இன்று நான் வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். உன் கடிதம் பிரித்துக் கிடந்தது. அப்பா இரண்டு காசையும் பஞ்சிலிருந்து எடுத்து, விளக்குக்குக் கீழே விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் குழாய் உளி. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அம்மாவோட லென்ஸ் உன்கிட்ட இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். "போய் முகம் கழுவு" என்றார். அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு உருக்குகிறவர் வந்தார், இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தாராம். அத்தை மாடியிலிருந்தே, "அண்ணா, ஸ்பூனை மறந்துடாத" என்று குரல் கொடுத்தாள். அப்பா அவரிடம், "இல்லங்க, இது உருக்குறதுக்கு இல்ல" என்றார். "போலின்னு சொன்னீங்களே?" "சொன்னது நான் இல்லங்க. சொன்னவங்களே மாத்திச் சொல்லிட்டாங்க." அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

பிறகு அப்பா மாடிக்கு வந்து அத்தையைக் கேட்டார். "கடுதாசி வந்துச்சா? பதினொண்ணு?"

அத்தை பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "வந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பாப்பா பார்க்க மாட்டேன்னுச்சு. நீ அப்ப ராத்திரி எல்லாம் கடையில உட்கார்ந்திருப்ப. படிச்சா அடுத்த நாள் எழுந்திருப்பியான்னு எனக்குப் பயமா இருந்துச்சுண்ணா. அதான் திருப்பினேன். தப்புன்னா தப்புதான்." அதற்குப் பிறகு குழாயை ரொம்ப நேரம் திறந்தே விட்டிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா எழுந்து போய் ஒரு முட்டையை வேகவைத்து எடுத்துவந்து, தோலை உரித்து, என் தட்டில் வைத்தார். "அதுக்கு அலர்ஜிண்ணா" என்றாள் அத்தை. அப்பா என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அப்படிப் பார்க்கவில்லை.

"இதையாவது சாப்பிடு, பாப்பா" என்றார். "காசுக்கு வெச்சிடாத."

சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டதில் உப்புக் கூடத் தேவைப்படவில்லை. அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா நடக்குது இந்த வீட்டுல" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆனால் உன்னைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோபமா என்று தெரியவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுது என்றாயே, அதனால் எழுதுகிறேன்: ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் நாளைக்கே நீ வந்தால் ஆறாவது படிக்கு நான்தான் முதலில்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். டார்ச்சை அணைத்தேன். அத்தை தட்டினால் உள்ளங்கையால் தட்டுவாள். அப்பா தட்டியதே இல்லை, கீழேயிருந்துதான் கூப்பிடுவார். இது மெதுவாக, ஒற்றை விரலால்.

அப்பாதான். இருட்டில் எழுதுகிறேன், கோணலாக இருக்கும். கதவைத் திறக்காமலே பேசுகிறார்.

"பாப்பா, எழுதி முடிச்சிட்டியா? முடிக்கலைன்னா கீழ எனக்குக் கொஞ்சம் இடம் விடு."